கப்பலேறிய கோல்டு ரூம் ஜாக்கெட்டுகள்

அக்கா,

இன்று காலை மொட்டை மாடிக் கொடியில் எட்டு ஜாக்கெட்டுகளைக் காயப் போட்டேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயிலில், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, கழுத்துவரை ஜிப் ஏறுகிற, கருநீல கோல்டு ரூம் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. எதிர்வீட்டு அம்மா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா ரூபி, கும்மிடிப்பூண்டிக்குப் பனி வருதுன்னு டிவில சொன்னானா?" என்று கேட்டாள். "நாங்க போய்ப் பாத்துட்டே வந்துட்டோம் போ!" என்று மேலிருந்து கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

ஈரம் காயக் காய அந்த வாசனை எழுந்தது. மேலாகப் பாச்சை உருண்டை, அதற்கடியில் இறால். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத இறால். உன் ஜாக்கெட்டின் கழுத்தில் முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுத்தேன். கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போய்விட்டு வந்துவிட்டோம் அக்கா! கப்பலில் போனோம், பனி பார்த்தோம். ஊரில் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. மீஞ்சூரில் ரயில் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொன்னேன். உன்னிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இறால் கம்பெனியில் நாம் இருந்த நாட்களிலிருந்து ஆரம்பித்தால்தான் இது விளங்கும். நான் உரிக்கும் மேசையில், நீ பேக்கிங்கில். அட்டைப்பெட்டிகளோடு, இறாலை உறைய வைக்கிற கோல்டு ரூமுக்குள் போய் வருவது உன் பாடு. ஆள் வராத நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். அந்தக் கதவருகில் ஒரு பழக்கம் இருந்தது. தடித்த கையுறையை மாட்டிவிட்டால் தன் ஜிப்பைத் தானே இழுக்க வராது. அதனால் உள்ளே போகிற இருவரும் எதிரெதிரே நின்று ஒருவர் ஜிப்பை ஒருவர் கழுத்துவரை ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டுத் தோளில் இரண்டு தட்டு. முதல் முறை எனக்குத் தட்டியபோது, எதற்கு இரண்டு என்று கேட்டேன். "மொதல் தட்டு, ஜிப்பு ஏறிடுச்சுன்னு. ரெண்டாவது, பயப்படாத, நான் கூட கீறேன்னு" என்றாய். பிறகு அந்த வெள்ளைப் புகைக்குள் நீ முன்னால் போனாய், நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மாமாவோ நேர் எதிர். ரோலிங் மில்லில், உலையிலிருந்து சிவந்து வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிற வேலை. நீ பல் கிட்டிக்கொண்டு வருவாய், அவர் சட்டை வெந்து வருவார். "உங்க மாமா இரும்பக் காய்ச்சிகினு வர்றாரு, நான் தண்ணிய உறைய வெச்சிகினு வர்றேன். ஊட்டுக்கு வந்து பக்கத்துல ஒக்காந்தா ரெண்டு பேரும் வெதுவெதுன்னு ஆயிடறோம்" என்று எல்லார் எதிரிலும் சொல்வாய். மாமா வெட்கப்பட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

உன் மகன் ஜான்சன் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலில் ரொட்டி சுடுகிற வேலைக்குப் போனானே, அன்றைக்குப் பிடித்தது உனக்கு அந்த ஆசை. சில வருடம் போனால் வீட்டு ஆட்களைச் சலுகையில் கூட்டிவரலாம் என்று போனில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், நீ தரையில் நிற்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் எல்லாருக்கும் புது ஜாக்கெட் வந்தது. பழசைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சூப்பர்வைசரைக் கேட்டு, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, எட்டு ஜாக்கெட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய். உனக்கு, மாமாவுக்கு, எனக்கு, என் வீட்டுக்காரருக்கு, என் மகள் ஷைனிக்கு, மீஞ்சூர் அண்ணனுக்கு, அண்ணிக்கு, அவர்கள் மகனுக்கு. எந்தத் தேசம் தெரியாது, எந்த வருடம் தெரியாது. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தோடு விட்டாயா? கத்திரி வெயிலில் எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்காகப் போட்டுப் பார்த்தாய். அளவு சரியா என்று பார்க்க ஃபேனை எதற்கு நிறுத்த வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊற்றியது. "ஏம்மே, உலை பக்கத்துலகூட நான் இப்பிடி வேவல. ஐஸுல இன்னா கீது? தெனமும் நீ அத்ததான பாத்துகினு கீற?" என்றார்.

"அது மிஷினு செஞ்ச குளிரு. எனக்கு வானத்துல இருந்து தானா வர்ற குளிரப் பாக்கணும். உன்கூட நின்னு பாக்கணும். கம்முனு நில்லு" என்று சொல்லி அவர் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, தோளில் இரண்டு தட்டுத் தட்டினாய். எல்லாரும் கை தட்டினோம்.

அந்த வருடமே மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்து வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். இது சந்தோஷ சமாச்சாரம் சொல்கிற கடிதம்.

ஆனால் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீ போன பிறகு அவர் ஒரு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். டிவியில் ஓடுவது ஓடும், சேனலை மாற்றக்கூட மாட்டார். ஒரே வீட்டில் இருக்கிற நான் நாஷ்டா கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஜான்சன் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து பார்த்துவிட்டு வாடிப்போய்த் திரும்புவான். போன வருடக் கடைசியில் எனக்குப் போன் செய்தான். "சித்தி, எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டேன். நார்வே பக்கம் போற கப்பலு. அம்மா ஆசப்பட்டாங்கன்னு இல்ல சித்தி, அப்பாவ அந்தச் சேர்ல இருந்து எழுப்பணும். அத்துக்கோசரம்தான்" என்றான். எனக்கு அழுகையும் குதூகலமும் ஒன்றாக வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எட்டும் அப்படியே இருந்தன. நீ இல்லை, ஆனால் அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்திருக்கிறாள். அவளுக்கு என்னுடையதைக் கொடுத்துவிட்டு உன்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஷைனிதான் ஒரு பாட்டம் ஆடினாள். "இத்தப் போட்டுகினு யாராச்சும் டூருக்குப் போவாங்களாம்மா? ஷிப்ட்டுக்குப் போற மாறி கீது" என்றாள். பெரியம்மா சேர்த்து வைத்தது, இதைத்தான் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்தப் பிடிவாதம் என்ன வேலை செய்தது என்று பின்னால் சொல்கிறேன், பொறு.

விமானம் மாறி மாறிப் போய் ஜெர்மனியில் ஒரு துறைமுகத்தில் இறங்கினோம். அக்கா, கப்பல் என்றதும் நான் எண்ணூர் பக்கம் தூரத்தில் நிற்குமே, அதுபோல ஒன்றை நினைத்துக்கொண்டு போனேன். இதுவோ ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தமாதிரி நின்றது. அண்ணன் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "இது மெதக்குமாடா?" என்று பக்கத்தில் நின்ற அந்த ஊர்க் காவலரிடம் தமிழிலேயே கேட்டார். அவரும் ஏதோ புரிந்தமாதிரி தலையாட்டினார். உள்ளே போனால் லிப்ட், கடை, நீச்சல் குளம். வெந்நீர்க் குளம்! வெளியே பனிக்காற்று அடிக்க அடிக்க, கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். அண்ணி நைட்டியோடு இறங்கப் பார்த்தாள், நான்தான் பிடித்து இழுத்தேன்.

முதல் நாள் விருந்தில் இறால் வைத்தார்கள். வால் விட்டு உரித்த இறால். அண்ணியும் நம் கம்பெனியில் உரித்தவள்தானே, நானும் அவளும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். "குடலு ஒழுங்கா எடுக்கல பாரு. நம்ம சூப்பர்வைசரு இருந்தா ஒரு டப்பு இறாலையும் அப்பிடியே திருப்பி அனுப்பியிருப்பாரு" என்றாள் அண்ணி. பரிமாறுகிற பையன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டான். நீ இருந்திருந்தால் சமையற்கட்டுக்குள்ளேயே போயிருப்பாய்.

இரண்டாம் நாள் மேல்தளத்தில் காற்று வாங்கப் போனபோதுதான் கூத்து ஆரம்பித்தது. போன ஏழு பேருக்கும் ஒரே கருநீலம், கையில் ஒரே வெள்ளிப் பட்டை, தலையில் ஒரே முக்காடு. கப்பலில் வேலை செய்கிற ஆட்களின் ஜாக்கெட்டும் கிட்டத்தட்ட இதே ரகம். ஒரு வெள்ளைக்காரர் வந்து என் வீட்டுக்காரரிடம் காபி எங்கே என்று கேட்டார். இன்னொரு அம்மா தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். அண்ணனுக்குக் கேட்கவா வேண்டும்! "காபி மேல, சார். பாத்ரூமு லெப்ட்டு, மேடம்" என்று கை காட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்களா என்று ஜான்சனிடம் அவனுடைய மேலாளரே கேட்டாராம். ஷைனி முதலில் முகத்தை மூடிக்கொண்டாள், சாயங்காலத்துக்குள் அவளும் இரண்டு பேருக்கு வழி சொல்லிவிட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தோம் அக்கா.

மாமா மட்டும் வரவில்லை. கப்பல் ஏறியதிலிருந்து அறைக்குள்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஜான்சன் வேலை முடிந்து, தான் சுட்ட ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுப்பான். "நல்லா கீதுடா" என்பார், திரும்பிப் படுப்பார். ஒரு நாள் கதவுக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அந்தச் சேரையே கப்பல்ல ஏத்திகினு வந்த மாறி ஆயிடுச்சு. இவ்ளோ தூரம் வந்தும் அவரு பனியப் பாக்காமத் திரும்பிட்டாருன்னா, நான் இன்னும் எங்க சித்தி கூட்டிகினு போவேன்?" என்றான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கையெல்லாம் மாவு, கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றான்.

நான் உள்ளே போய் மாமாவிடம் சண்டை பிடித்தேன். எழுந்து உட்கார்ந்தார். "ரூபி, ஆசப்பட்டவ அவ. அவ பாக்காதத நான் மட்டும் எப்பிடிம்மா பாக்கறது? பாத்துட்டு யாராண்ட போய்ச் சொல்றது?" என்றார். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

மறுநாள் காலை ஒரு சின்ன ஊரில் கப்பல் நின்றது. அந்த ஊர்ப் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. சுற்றிலும் மலை, மலை முழுக்க வெள்ளை, வீடுகள் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக. வானம் மூடிக்கொண்டிருந்தது, ஆனால் இன்னும் ஒன்றும் விழவில்லை. எல்லாரும் இறங்கத் தயாரானார்கள். மாமாவின் அறையைச் சுத்தம் செய்கிற பையன், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தான். நல்ல சாக்கு என்று பிடித்துக்கொண்டேன். "அவன் வேலையக் கெடுக்காதீங்க மாமா. செத்த நேரம் வெளிய நில்லுங்க, போதும்" என்று கிளப்பி, கையுறையை மாட்டி, ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன். ஜிப்பை இழுக்கக் கை நீட்டினபோது மட்டும் பின்னால் நகர்ந்துகொண்டார். "அது இருக்கட்டும்மா" என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்படியே, முன்பக்கம் திறந்தபடி, கரைக்கு இறங்குகிற சரிவுப் பாலத்தின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மற்றவர்களைக் கூப்பிடத் திரும்பினேன். கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, ஒரு கையில் கோலோடு, மறு கையை மாமாவிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பாலம் முழுக்க ஐஸ் பூத்து வழுக்கியது. கருநீல ஜாக்கெட்டைப் பார்த்துக் கப்பல் ஆள் என்று நினைத்துவிட்டாள். மாமா இடமும் வலமும் பார்த்தார், வேறு யாருமில்லை. நீட்டின கையை எப்படி விடுவது? பிடித்துக்கொண்டார்.

போக வேண்டாம் என்று எல்லாரையும் தடுத்து நிறுத்தினேன். அப்படியே மேலே நின்று பார்த்தோம். கம்பி பிடித்த கை அக்கா அது, ஆடவே இல்லை. பக்கவாட்டில் கால் வைத்து, அவள் கால் வைத்ததும் தான் ஒரு அடி வைத்து, கீழே தரைவரை இறக்கிவிட்டார். அந்த அம்மா நின்றாள். கோலைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். தன் கையுறையைக் கழற்றினாள். என்னமோ சொல்லிக்கொண்டே, ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அதட்டுவதுபோல, மாமாவின் ஜிப்பைப் பிடித்துச் சர்ரென்று கழுத்துவரை ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டுத் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பிப் பேருந்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

ஒரே ஒரு தட்டு. அவளுக்கு எப்படித் தெரியும்?

மாமா நகரவில்லை. அடுத்ததற்குக் காத்திருக்கிற மாதிரி, தோளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நான் ஓடினேன் அக்கா. வழுக்கினால் வழுக்கட்டும் என்று உன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் ஓடி, பின்னாலிருந்து அவர் தோளில் இரண்டாவது தட்டைத் தட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ம்" என்றார். தோள் மட்டும் கீழே இறங்கியது. பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல பாரு, இன்னும் நாலஞ்சு பேரு நிக்கறாங்க. உழுந்து வெக்கப் போறாங்க, வா" என்று பாலத்தில் ஏறினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய். எட்டுப் பேரும் பாலத்தில் வரிசையாக நின்று கப்பலையே இறக்கினோம்! மாமா கையைப் பிடித்துக் கொடுப்பார், நான் வாங்கி என் வீட்டுக்காரரிடம் கொடுப்பேன், அவர் ஷைனியிடம். கடைசியில் அண்ணன் நின்றுகொண்டு, "ஸ்லோலி மேடம், ஸ்லோலி. வெல்கம், வெல்கம்" என்று என்னமோ கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தவர்களை வரவேற்கிறமாதிரி கும்பிட்டார். பாலத்தில் தூவ மணல் மூட்டையோடு வந்த உண்மையான கப்பல் ஆட்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துச் சலாம் வைத்தார்கள்.

அப்போதுதான் விழுந்தது. முதலில் ஒன்றிரண்டு, தூசி என்று நினைத்தேன். பிறகு வானம் முழுக்க. சத்தமே இல்லை. உன் ஜாக்கெட் கைமேல் விழுந்து, வெள்ளையாக உட்கார்ந்து, பார்க்கப் பார்க்கக் கரைந்தது. ஷைனி கத்தினாள், மருமகள் நாக்கை நீட்டிப் பிடித்தாள், அண்ணி முந்தானையில் ஏந்தினாள். மாமா கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். வருடக்கணக்காக நெருப்பில் காய்த்துப்போன கையில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சமையற்கட்டிலிருந்து ஜான்சன் வெள்ளைத் தொப்பியோடு ஓடிவந்தான். மாமா மேலே பார்த்துக்கொண்டே, "டேய் நைனா, உங்கம்மா கோல்டு ரூம் கதவ மூடாம வந்துட்டாடா" என்றார்.

நீ போனதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. யாராவது கதவைத் திறந்து போட்டால், "கரண்டு பில்லு உங்க மாமனாரா கட்டறாரு?" என்று நீ கத்துவாயே, அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க ஜான்சன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். அவர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுவாதடா, மாவு ஒட்டுது" என்றார்.

அதன்பின் திரும்பும்வரை அவரை அறையில் பார்க்க முடியவில்லை. ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கப்பல் முழுக்கச் சுற்றினார். சிவப்புத் தொப்பி அம்மா உண்மை தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். இவர் எதற்கு மன்னிப்பு என்று கையை ஆட்டிவிட்டு, அடுத்த ஊரிலும் அவளை இறக்கிவிடப் போய் நின்றார்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, வெயில் இறங்கினதும் ஜாக்கெட்டுகளை எடுக்கப் போனேன். மடிக்கும்போது என்னை அறியாமல் ஒவ்வொன்றின் ஜிப்பையும் கழுத்துவரை ஏற்றி, இரண்டு தட்டுத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மாமா தொட்டியில் தண்ணீர் பார்க்க மேலே வந்தவர், நின்று பார்த்தார்.

"இன்னா ரூபி, துணிக்குமா தட்டுவ?"

"தட்டுனா இன்னா மாமா?"

"தட்டு தட்டு. பாச்சை உருண்ட மட்டும் போடாத, பெட்டிக்குள்ளயும் வெக்காத. ஆணியிலயே மாட்டு. அடுத்த வாட்டி ஐஸ்லாந்துன்றான் ஜான்சன்" என்றார். பிறகு பக்கத்தில் வந்து, மடிக்காமல் நான் கடைசிக்கு வைத்திருந்ததைப் பார்த்தார். "அது உங்கக்காதுதான? அத்த இப்பிடிக் குடு."

கொடுத்தேன். கொடியிலேயே மறுபடி மாட்டி, எதிரே நின்று, ஜிப்பை மெதுவாகக் கழுத்துவரை ஏற்றினார். தோளில் ஒரு தட்டு. கொஞ்சம் நின்று, இன்னொன்று.

அந்த ஜாக்கெட் இப்போது உன் அறை ஆணியில் தொங்குகிறது. இனி காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போதே அதைக் கடக்கிறபோதெல்லாம் என் தோள் தானாக அதன் பக்கம் சாய்கிறது அக்கா. நீ கூட கீற.

உன்
ரூபி